பீரோவில் கிடக்கும் கேசட்

கேள்வி: இயற்பியல் பேராசிரியர் யஷ் பால் நினைவு நாளான ஜூலை 24 அன்று எங்கள் காலனி நண்பர்கள் கூடி, 1995 சூரிய கிரகணத்துக்குத் தூர்தர்ஷனில் அவர் தந்த நேரடி விளக்கத்தைப் போட்டுப் பார்க்கப் போகிறோம். அன்று வீசிஆரில் பதிவு செய்த கேசட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கூட்டத்தில் வாசிக்க அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தருவீர்களா?
– ஒரு வாசகர், மயூர் விஹார், தில்லி

பதில்: நாலு வார்த்தை இருக்கட்டும். 'பத்திரமாக' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்களே சார், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டுப் பத்திரம் பீரோவில் ஐம்பது வருஷம் கிடந்தாலும் எடுத்துப் படித்துவிடலாம். கேசட் அப்படியில்லை. பாலியஸ்டர் நாடாவின் மேல் காந்தத் துகளைப் பசையில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். அந்தப் பசை ஈரத்தைக் குடிக்கும். தில்லி வீடுகளில் மே, ஜூன் முழுக்கக் கூலர் ஓடுகிற அறையில்தான் பீரோவும் நிற்கும். அது ஓய்ந்ததும் மழைக்காலம். முப்பது வருஷமாக இதே கதை.

ஆகவே, கூட்டத்தன்று முதல் தடவையாக ஓட்டிப் பார்க்காதீர்கள். இப்போதே எடுங்கள். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே டார்ச் அடித்துச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் தூளோ நூலோ படர்ந்திருந்தால் பூஞ்சை. அதை எந்த மெஷினிலும் போடக்கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட் கெடும், அதே மெஷினில் அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். அது தெரிந்தவர் கையில் கொடுக்க வேண்டிய வேலை. அடியில் உள்ள 5 திருகாணியைக் கழற்றி, நாடாவைச் சுத்தம் செய்து, வேறு கூட்டுக்கு மாற்றுவார்.

சுத்தமாக இருந்தால், முதுகுப் பக்கம் இடது ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைப் பாருங்கள். உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். ஒரு பொத்தான் தவறினால் கிரகணத்தின் மேல் வேறு ஏதாவது பதிவாகிவிடும்.

அடுத்தது மெஷின். கடைசி வீசிஆரை ஜப்பானிய நிறுவனம் ஒன்று 2016-ல் தயாரித்தது; இன்று கிடைப்பதெல்லாம் பழசுதான். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை இறுகிப் போயிருந்தால் நாடாவை மென்று துப்பும். முதலில் வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டுச் சோதியுங்கள். ஹெட் டிரம்மைத் துடைக்கப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நூல் பிரியாத மெல்லிய தோலில் ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, தோலை அசையாமல் பிடித்துக்கொண்டு டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் நுனி முறியும். பஞ்சுக் குச்சி கூடவே கூடாது; அதன் இழை மாட்டினாலும் இதே கதிதான்.

பிறகு உங்கள் கேசட்டைப் படம் ஓட்டாமல் கடைசிவரை வேகமாகச் சுற்றி, திரும்பவும் முதலுக்குச் சுற்றுங்கள். ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் தளரும். அதன்பின் முதல் தடவை ஓடும்போதே கம்ப்யூட்டரில் பதிவாக வேண்டும், ஏனென்றால் அடுத்த தடவை ஓடுமா என்பதற்கு உத்தரவாதமில்லை. நம் ஊர்த் தொலைக்காட்சியின் பால் (PAL) முறை, படம் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 பிரேம். DV வகைக் கோப்பாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். மலிவான யூஎஸ்பி கருவிகளில் பிரேம் நழுவும். வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். ஆடும் படத்தை நிலைப்படுத்தும் காலத் திருத்தி (TBC) உள்ள மெஷின் கிடைத்தால் விடாதீர்கள்.

கடையில் கொடுத்து மாற்றுவதானால் ஒரு நிபந்தனை போடுங்கள். பழைய டிவியின் நாலுக்கு மூன்று அளவுப் படத்தை இழுத்து அகலப்படுத்தக்கூடாது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியாகிவிட்டது! இன்னும் மனிதர்களைக் குள்ளமும் பருமனுமாக ஆக்கித்தான் கையில் கொடுக்கிறார்கள். வட்டமான சூரியன் முட்டை ஆகிவிட்டால் அது எந்த ஊர்க் கிரகணம்?

ஒளிபரப்பியவர்களிடம் நிச்சயம் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். பேட்ரிக் மூர் 1957 முதல் 2012-ல் இறக்கும்வரை பிபிசியில் மாதாமாதம் வானம் காட்டியவர். 1969-ல் மனிதன் நிலவில் இறங்கிய இரவில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசியவரும் அவர்தான். அந்த ஸ்டுடியோ நாடா இன்று பிபிசியிடம் இல்லை. அதே பிபிசி அழித்த 'டாக்டர் ஹூ' தொடரின் பகுதிகளின் ஒலி மிஞ்சியதற்குக் காரணம், நேயர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டதுதான்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 1975-ல் செயற்கைக்கோள் வழியாக 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போன சைட் திட்டத்துக்குத் தோள் கொடுத்தவர் யஷ் பால். தூர்தர்ஷனின் 'டர்னிங் பாயின்ட்' அறிவியல் நிகழ்ச்சியில் குழந்தைகள் கேட்ட கேள்வியைக் கேள்வியாகவே மதித்தார். 1993-ல் பள்ளிப் பையின் சுமையைக் குறைக்கச் சொல்லி அறிக்கை தந்தார்; அந்தப் பை இன்னும் இளைக்கவில்லை என்ற கோபம் எனக்கு ஆறவே இல்லை. 1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள். கதவைச் சாத்து, அடுப்பு மூட்டாதே, கர்ப்பிணி வெளியே வராதே என்று சொல்லிப் பழகிய வீடுகளுக்குள், நிலவு சூரியனை மறைப்பதை நிதானமாக விளக்கிக்கொண்டு அவர் வந்தார். கூட்டத்தில் இதை வாசியுங்கள்.

பதிவு செய்யும்போது விளம்பரத்தையும் வெட்டாமல் எடுங்கள். ஒரு நகல் உங்களிடம், இன்னொன்று வேறொரு வீட்டில். கேசட்டை முழுக்கச் சுற்றி, புத்தகம் போல நிமிர்த்தி உறையில் வையுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்றாவது நகலை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தபால் செலவு எங்களுடையது.