காந்தமும் மீக்கடத்துத்திறனும் ஒரே படிகத்தில்: யுரேனியச் சேர்மங்கள் பற்றிய கேள்வி-பதில்

காந்தம் மீக்கடத்துத்திறனை (மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் தன்மையை) கெடுத்துவிடும் என்று படித்திருக்கிறோம். யுரேனியத்தில் மட்டும் இரண்டும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன?

ஈயம், அலுமினியம் போன்ற சாதாரண மீக்கடத்திகளுக்கு நீங்கள் படித்தது சரி. அவற்றில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன. ஒவ்வோர் எலக்ட்ரானும் தற்சுழற்சி என்னும் பண்பால் ஒரு குட்டிக் காந்தம்போல நடக்கிறது. ஒன்றின் தற்சுழற்சி மேல்நோக்கி இருந்தால் மற்றதன் தற்சுழற்சி கீழ்நோக்கி இருக்கும். காந்தம் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும், இணை முறிந்துபோகும். 1970களில் ஆராயப்பட்ட எர்பியம்-ரோடியம்-போரான் சேர்மம் இதற்குத் தெளிவான சான்று. சுமார் 8.7 கெல்வினில் (கெல்வின் என்பது சுமார் −273 டிகிரி செல்சியஸைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் வெப்பநிலை அளவு) அது மீக்கடத்தியாகிறது. இன்னும் குளிர்வித்து 1 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோனால் ஃபெர்ரோ காந்தம் (அணுக்காந்தங்கள் ஒரே பக்கம் பார்த்து நிற்கும் நிலை) தலைதூக்குகிறது, மீக்கடத்துத்திறன் அழிகிறது.

2000ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ், கிரெனோபிள் ஆய்வாளர்கள் யுரேனியமும் ஜெர்மானியமும் சேர்ந்த ஒரு சேர்மத்தை அழுத்திப் பார்த்தபோதுதான் இந்தக் கதை திரும்பியது. சாதாரண அழுத்தத்தில் அது 52 கெல்வினுக்குக் கீழே ஃபெர்ரோ காந்தம். ஏறத்தாழ 1 முதல் 1.6 ஜிகாபாஸ்கல் வரையிலான அழுத்தத்தில் (1 ஜிகாபாஸ்கல் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் பத்தாயிரம் மடங்கு), காந்தமாக இருந்துகொண்டே அது மீக்கடத்தியாகவும் ஆனது. அழுத்தம் காந்தத்தை முழுமையாக ஒழித்த இடத்திலேயே மீக்கடத்துத்திறனும் மறைந்தது. காந்தத்தோடு சேர்ந்து இதுவும் போகிறது என்றால், காந்தத்தை இங்கே பகைவன் என்று சொல்ல முடியாது. எலக்ட்ரான் இணைகளில் இரண்டு தற்சுழற்சிகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். அத்தகைய இணையை அந்த வழியில் முறிக்கக் காந்தத்தால் முடியாது.

அந்த எலக்ட்ரான்களைப் பிணைப்பது எது?

சாதாரண மீக்கடத்திகளில் அணுக்கோவையின் (படிகத்தில் அணுக்கள் அமைந்த ஒழுங்கின்) அதிர்வு பிணைக்கிறது. இங்கே அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் காந்த ஏற்ற இறக்கங்கள். ஓர் எலக்ட்ரான் தன்னைச் சுற்றியுள்ள தற்சுழற்சிகளைத் தன் பக்கம் சற்றே சாய்க்கிறது. அந்தச் சாய்வு இன்னோர் எலக்ட்ரானை ஈர்க்கிறது. 1972இல் ஹீலியம்-3 மீப்பாய்மமாவதை (உராய்வின்றிப் பாயும் திரவமாவதை) கண்டபோதே இப்படி ஒரு பிணைப்பு இயற்கையில் உண்டு என்பது தெரிந்துவிட்டது.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. உறுதியாக நிலைபெற்ற காந்தம் பிணைப்புக்கு அதிகம் உதவாது. காந்தம் தோன்றுவதா மறைவதா, இந்தத் திசையா அந்தத் திசையா என்று முடிவாகாத விளிம்பில்தான் ஏற்ற இறக்கம் பெருகும். மேலே சொன்ன ஜெர்மானியச் சேர்மத்திலும், ஒரு ஃபெர்ரோ காந்த நிலை இன்னொரு ஃபெர்ரோ காந்த நிலையாக மாறும் 1.2 ஜிகாபாஸ்கல் அருகில்தான் மீக்கடத்துத்திறன் உச்சம் தொடுகிறது.

காந்தப்புலம் மீக்கடத்துத்திறனை வளர்க்கும் என்று எங்கோ வாசித்தேன். உண்மையா?

உண்மைதான். இந்தத் துறையிலேயே என்னை மிகவும் ஈர்த்த சோதனை இதுதான். யுரேனியம்-ரோடியம்-ஜெர்மானியம் சேர்மம் 9.5 கெல்வினில் ஃபெர்ரோ காந்தமாகி, 0.25 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. இதற்கு வெளி அழுத்தமே தேவையில்லை. படிகத்தின் மூன்று திசைகளை a, b, c அச்சுகள் என்பார்கள். b அச்சு வழியே புலத்தைக் கூட்டினால் சுமார் 2 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) மீக்கடத்துத்திறன் எதிர்பார்த்தபடியே போய்விடுகிறது. நிறுத்தாமல் மேலும் கூட்டினால் 8 டெஸ்லாவுக்கு மேல் அது திரும்ப வருகிறது. ஏறக்குறைய 13 டெஸ்லா வரை நிற்கிறது. இது 2005இல் வெளியான முடிவு.

காரணம் இதுதான்: அணுக்காந்தங்கள் இயல்பாக c அச்சு நோக்கி நிற்கின்றன. b அச்சுப் புலம் அவற்றை இழுக்க இழுக்க, 12 டெஸ்லா அருகில் அவை சட்டெனத் திரும்புகின்றன. அந்தத் திருப்பத்தின் விளிம்பில் ஏற்ற இறக்கம் வலுக்கிறது. அதோடு பிணைப்பும் வலுக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த யுரேனியம்-கோபால்ட்-ஜெர்மானியத்தில் எதிர்த்திசைச் சான்றும் இருக்கிறது. c அச்சு வழியே புலம் கொடுத்தால் ஏற்ற இறக்கம் அடங்குகிறது, மீக்கடத்துத்திறனும் அதோடு அடங்குகிறது. அணுக்கருக்களைக் கொண்டு உள்ளே இருக்கும் காந்தப்புலத்தை அறியும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின.

எல்லா யுரேனிய மீக்கடத்திகளும் இப்படித்தானா?

இல்லை. யுரேனியம்-பலேடியம்-அலுமினியம் சேர்மம் 14 கெல்வினில் எதிர் ஃபெர்ரோ காந்தமாகி (பக்கத்துப் பக்கத்து அணுக்காந்தங்கள் எதிரெதிராக நிற்கும் நிலையாகி), 2 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. அதன் இணைகளில் தற்சுழற்சிகள் எதிரெதிராகவே இருக்கின்றன.

யுரேனியம் டைடெல்லுரைடு பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பேச வேண்டிய பொருள்தான். 2019இல் அதில் 1.6 கெல்வினில் மீக்கடத்துத்திறன் கண்டார்கள். உருகிய உப்பில் வளர்த்த தூய படிகங்களில் அது 2.1 கெல்வினாக உயர்ந்தது. தற்சுழற்சிகள் எதிரெதிரான இணைகளாக இருந்தால் 3 அல்லது 4 டெஸ்லாவிலேயே முறிய வேண்டும். இதுவோ b அச்சு வழியே 35 டெஸ்லா வரை தாங்குகிறது. புலத்தைச் சற்றுச் சாய்த்தால் 40 டெஸ்லாவுக்கு மேல் இன்னொரு மீக்கடத்து நிலையே தோன்றுகிறது.

ஆனால் இதில் சாதாரண அழுத்தத்தில் நிலைத்த காந்தம் கிடையாது. ஃபெர்ரோ காந்த ஏற்ற இறக்கங்களை எதிர்பார்த்த இடத்தில், நியூட்ரான்களைப் படிகத்தில் மோதவிட்டு அவை சிதறுவதை அளக்கும் நியூட்ரான் சிதறல் சோதனை எதிர் ஃபெர்ரோ காந்த ஏற்ற இறக்கங்களைக் காட்டியது. ஆகவே ஜெர்மானியச் சேர்மங்களின் விளக்கத்தை அப்படியே இதற்குப் பொருத்திவிடக் கூடாது. குவாண்டம் கணினிக்கு இதுவே அடித்தளம் என்ற பேச்சையும் நான் பொறுமையோடுதான் கேட்பேன். அந்தப் பேச்சுக்கு ஒரு சான்றாகக் காட்டப்பட்ட, தொடக்ககாலப் படிகங்களில் தெரிந்த இரட்டை நிலைமாற்றம் (மீக்கடத்து நிலை இரண்டு படிகளில் தோன்றுவது) தூய படிகங்களில் ஒற்றையாகிவிட்டது. இந்தத் துறையில் படிகத்தின் தரத்தைக் கேட்காமல் எந்த முடிவையும் ஏற்காதீர்கள்.

யுரேனியமே ஏன்? கதிரியக்கம் ஆபத்தில்லையா?

அதன் 5f எலக்ட்ரான்கள்தான் காரணம் (3d, 4f, 5f என்பவை அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குகளின் பெயர்கள்). அருமண் தனிமங்களின் 4f எலக்ட்ரான்கள் பெரும்பாலும் அணுவோடு ஒட்டிக்கிடக்கும். இரும்பின் 3d எலக்ட்ரான்கள் படிகமெங்கும் உலவும். 5f இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதனால் காந்தத்தைத் தருகிற அதே எலக்ட்ரான்களே மின்னோட்டத்தையும் சுமக்கின்றன.

கதிரியக்கத்தைப் பொறுத்தவரை, இச்சோதனைகளில் பயன்படும் யுரேனியம்-238இன் அரை ஆயுள் சுமார் 450 கோடி ஆண்டுகள். அதன் ஆல்ஃபா துகள்களைத் தோலே தடுத்துவிடும். தூளாகி மூச்சில் கலப்பதும் கன உலோக நச்சும்தான் உண்மையான கவலை. அதனால் இப்படிகங்களை வெட்டுவதும் தேய்ப்பதும் தூசி வெளியேறாத தனி ஏற்பாட்டில்தான் நடக்க வேண்டும்.