பட்டறைப் பக்கம்: கிளட்ச் மிதித்தால் ஆஃப் ஆகிற கார்

கேள்வி: அண்ணா, வணக்கம். என்னிடம் இருப்பது 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். சித்தப்பா வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த வண்டி. சமவெளியில் ஒரு பட்டறையில் கொடுத்து ஏர் ஃபில்டர் பாக்ஸை எடுத்துவிட்டு கோன் ஃபில்டர், சிலிக்கான் ஹோஸ், எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் ஸ்டீல் ஹெடர், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரத்துக்குப் பதிலாக எடை குறைந்த ஃப்ளைவீல் எல்லாம் போட்டேன். எஞ்சினுக்குக் காற்று நுழையும் வாயிலான த்ராட்டில் பாடிக்குப் போகும் கூலன்ட் ஹோஸைப் பைபாஸ் செய்தால் காற்று குளிர்ச்சியாகப் போகும் என்றார்கள், அதையும் செய்தாகிவிட்டது. ரிமோட் அலாரமும் அங்கேயே வைத்தது. இப்போது எஞ்சின் சூடான பிறகும் ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகம், 1,000-க்கும் 1,800 ஆர்பிஎம்முக்கும் நடுவில் ஏறி ஏறி இறங்குகிறது. குஞ்சப்பனை தாண்டி ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் மிதித்தால் ஆஃப் ஆகிவிடுகிறது. சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போய், அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பிளக், காயில், பெட்ரோல் பம்ப் மாற்றியாகிவிட்டது. எஞ்சினை இறக்கலாம் என்கிறார்கள். இறக்கலாமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: இறக்காதீர்கள் தம்பி. நீங்கள் மாற்றிய மூன்றும் வண்டியோடு வந்தவை. தொந்தரவு ஆரம்பித்ததோ பட்டறையில் கை வைத்ததற்கு அப்புறம். அப்படியென்றால் கை பட்ட இடங்களில்தான் தேட வேண்டும். மாடிஃபை செய்த வண்டி எது வந்தாலும் நான் முதலில் கேட்பது 'என்ன சத்தம் வருகிறது' என்று இல்லை, 'எதையெல்லாம் கழற்றினார்கள்' என்றுதான். நீங்கள் கேட்காமலே எழுதிவிட்டீர்கள், அதனால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் வண்டியில் உள்ளே போகும் காற்றை அளப்பது ஒரு மடல். ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் அலுமினியப் பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்த கதவு மாதிரி இருக்கும். காற்று தள்ளத் தள்ள அது திறக்கும். எவ்வளவு திறந்தது என்று பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். இந்த மடலைத் தாண்டி எங்காவது ஓட்டை விழுந்தால், அந்தக் காற்று கணக்கில் வராது. தேயிலை ஃபேக்டரியில் எடை போடாமல் பின்வாசல் வழியாகப் போன இலைக்கு எப்படிக் கணக்கு இருக்காதோ அப்படி. காற்று நிறைய, பெட்ரோல் கொஞ்சம் என்று ஆகிவிடும். வேகமாகப் போகும்போது அந்தக் கொஞ்சக் காற்று தெரியாது. ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதனால் அங்கே உடனே தெரியும்.

இந்த 1.6 மாடலில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பெட்ரோல் பம்புக்குப் போகும் சுவிட்ச் அந்த மடலோடுதான் சேர்ந்திருக்கிறது. மடல் கொஞ்சமாவது திறந்திருந்தால்தான் பம்ப் ஓடும். வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டு கிளட்ச் மிதிக்கிறீர்கள், காற்றின் இழுப்பு குறைகிறது, மிச்சக் காற்றையும் ஓட்டை வாங்கிக்கொள்கிறது, மடல் மூடிவிடுகிறது, பம்ப் நின்றுவிடுகிறது. புது பம்ப் போட்டும் இது நிற்காததற்குக் காரணம் இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு. சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் ஆகுமே, அதுவும் இதனால்தான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பம்புக்கு வேறு வழியில் கரண்ட் போகும்.

சரி, எங்கே பார்ப்பது? பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, அந்த அலுமினியப் பெட்டியைக் கையால் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். கம்பெனி வைத்தபோது அதன் எடையை ஃபில்டர் பாக்ஸ் தாங்கிக்கொண்டிருந்தது. பாக்ஸை எடுத்த பிறகு, தாங்க ஒரு பிராக்கெட் அடிக்காமல் விட்டிருந்தால் மொத்த எடையும் ஹோஸில் தொங்கும். கம்பெனி ரப்பர் ஹோஸில் மடிப்பு மடிப்பாக இருப்பது எஞ்சின் ஆடும்போது வளைந்து கொடுக்கத்தான். நேரான சிலிக்கான் ஹோஸ் வளையாது, கிளாம்பிலிருந்து நழுவும். ஏற்றத்தில் எஞ்சின் மவுண்டில் சாயும்போது ஒரு பக்கம் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து, நிறுத்திப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாமல் மூடிக்கொள்ளும். கிளாம்பைக் கழற்றி ஹோஸின் உள் விளிம்பைப் பாருங்கள். நழுவுகிற ஹோஸில் கிளாம்ப் தடம் ஒரே கோடாக இருக்காது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு விழுந்திருக்கும். அசைக்கும்போது எஞ்சின் சத்தம் மாறினாலே விடை கிடைத்துவிட்டது. மாறாவிட்டால் சோப்புத் தண்ணீரை மூட்டுகளில் தெளியுங்கள், உள்ளே இழுக்கிற இடத்தில் சத்தம் மாறும். பெட்ரோலோ கார்ப் கிளீனரோ அடித்துப் பார்க்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. பக்கத்திலேயே சூடான ஹெடர் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு சோதனை சுலபம். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறங்கள். நல்ல வண்டி உடனே தடுமாற வேண்டும், ஏனென்றால் அந்த வழியாகவும் கணக்கில் வராத காற்று போகிறது. திறந்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஏற்கெனவே வேறெங்கோ பெரிதாகத் திறந்திருக்கிறது.

பம்ப் சுவிட்ச்தான் காரணமா என்று உறுதி செய்ய, எஞ்சின் அறையில் 'டயக்னாசிஸ்' என்று மூடியில் எழுதிய சின்னப் பெட்டி இருக்கும். அதில் எஃப்/பி என்ற முனையையும் ஜிஎன்டி என்ற முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் சாவி போட்டதும் பம்ப் நிற்காமல் ஓடும். அப்படியே அரவேணு வரை ஒரு சுற்று போய்ப் பாருங்கள். வளைவில் ஆஃப் ஆவது நின்றுவிட்டால் ஹோஸும் மடலும்தான். ஆனால் அந்த ஒயரை அப்படியே விட்டுவிடாதீர்கள். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கட்டும் என்றுதான் அந்த சுவிட்சையே வைத்திருக்கிறார்கள். ஒயரோடு ஓட்டினால் உடைந்த குழாய் வழியாகப் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஏறி இறங்கும் ஐட்லிங்குக்கு வருகிறேன். அந்தக் கூலன்ட் பைபாஸை நீக்குங்கள். த்ராட்டில் பாடியின் அடியில் மெழுகு வைத்த வால்வு ஒன்று இருக்கிறது. குளிரில் திறந்து கூடுதல் காற்று விடும், கூலன்ட் சூடானதும் மெழுகு விரிந்து மூடும். சூடே போகாவிட்டால் அது எப்படி மூடும்? கூடுதல் காற்றால் ஆர்பிஎம் ஏறுகிறது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, ஆனால் ஆர்பிஎம் அதிகம், அப்படியானால் வண்டி இறக்கத்தில் இறங்குகிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு பெட்ரோலை வெட்டுகிறது. ஆர்பிஎம் விழுந்ததும் திரும்ப விடுகிறது. மறுபடி ஏறுகிறது. உங்கள் 1,000, 1,800 கதை இதுதான். கோத்தகிரிக் குளிரில் இந்த பைபாஸால் ஒரு லாபமும் இல்லை, நம் ஊர்க் காற்றே போதுமான குளிர்ச்சி. ஹோஸைத் திரும்ப மாட்டியதும் ரேடியேட்டரில் ஏர் எடுக்க மறக்காதீர்கள். காற்றுக் குமிழி அந்த வால்வில் நின்றாலும் இதே தொந்தரவு வரும்.

மலையையும் கொஞ்சம் கணக்கில் எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற்றம், காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு போல குறைந்துவிடும். மடல் வகை மீட்டருக்கு மெலிந்த காற்று முழுசாகப் புரியாது, பெட்ரோல் கொஞ்சம் கூடவே போகும். அதைத் திருத்த வேண்டியது புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். ஹெடர் மாற்றும்போது சென்சாரைப் பின்னால் தள்ளி வைத்திருந்தால் ஐட்லிங்கில் அது ஆறிப்போய்ப் பேசாமல் இருந்துவிடும். பழைய ஒற்றை ஒயர் சென்சாரில் ஹீட்டர் கிடையாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், மேலே வந்ததும் கரி பிடித்திருந்தால் ஹீட்டர் உள்ள சென்சாருக்கு மாறலாம். எடை குறைந்த ஃப்ளைவீலும் தன் பங்குக்கு ஆர்பிஎம்மை வேகமாக விழவிடும். மற்றதெல்லாம் சரியாக இருந்தால் அது மட்டும் வண்டியை ஆஃப் செய்யாது.

நடுரோட்டில் சாவது தனி நோய். அடுத்த முறை நின்றதும் சாவியைத் திருப்பி, ஆர்பிஎம் காட்டும் டேக்கோ முள்ளைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது முள் கொஞ்சமாவது துடித்தால் ஸ்பார்க் பக்கம் உயிர் இருக்கிறது, பெட்ரோல் பக்கம் தேடுங்கள். முள் அசையவே இல்லையென்றால் கேம்ஷாஃப்ட் முனையில் இருந்து எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் ஆங்கிள் சென்சார், காயிலை இயக்கும் இக்னைட்டர், அதற்குப் போகும் கரண்ட் என்ற வரிசையில் போக வேண்டும். ஆனால் எனக்கு முதல் சந்தேகம் அந்த அலாரத்தின் மேல். டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இக்னிஷன் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய மூட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். நம் ஊர் மஞ்சும் ஈரமும் அந்த டேப்புக்குள் போனால் செம்பு பச்சையாகக் களிம்பு பிடிக்கும். ஏற்றத்தில் கேபின் சூடாகும்போது மூட்டு விட்டுப்போகும், ஆறியதும் சேரும். அரை மணி நேரக் கணக்கு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அலாரத்தைக் கழற்றி, ஒயரைச் சால்டர் வைத்துச் சேர்த்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டி இது, அங்கே பாடியில் பிடித்திருக்கும் எர்த் போல்ட்டையும் கழற்றி உப்புத்தாள் போட்டு மாட்டிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஐட்லிங் செட்டிங். எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும், லைட், ஃபேன் எல்லாம் அணைத்திருக்க வேண்டும். அதே டயக்னாசிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி இரண்டையும் இணைத்து, த்ராட்டில் பாடியின் மேல் ரப்பர் மூடிக்குள் இருக்கும் காற்றுத் திருகில் 850 ஆர்பிஎம் வையுங்கள், 50 கூடக் குறைய இருக்கலாம். ஸ்பார்க் விழும் நேரமான இக்னிஷன் டைமிங் 10 டிகிரி. இணைக்காமல் திருகினால் கம்ப்யூட்டர் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். த்ராட்டில் தகட்டை நிறுத்தும் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள். அதைத் திருகினால் ஐட்லிங் சுவிட்ச் மூடாது, கால் எடுத்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

கேள்வி: எஞ்சினையே மாற்றிப் பெரிய எஞ்சின் வைக்கலாம் என்று இருக்கிறேன். ஆர்.சி.யில் பிரச்சினை வருமா?
— வாசகர், குன்னூர்

பதில்: வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் எஞ்சின் மாற்றினால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸும் கை விரிக்கலாம். எஞ்சின் வாங்குவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.

கேள்வி: அண்ணா, அப்பாவின் கார்புரேட்டர் எஸ்டீமை ராலி வண்டியாக மாற்றி, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். வத்தலக்குண்டில் அருமையாக ஓடுகிறது. கொடைக்கானல் வந்ததும் கறுப்புப் புகை, ஸ்லோவில் (ஐட்லிங்கில்) நிற்கவே மாட்டேன் என்கிறது. வாரம் ஒரு முறை கீழே போய் வருவேன். ஜெட்டை மாற்றட்டுமா?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: மெயின் ஜெட்டைத் தொடாதீர்கள் தங்கச்சி. கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. கொடைக்கானல் 2,100 மீட்டர், அங்கே காற்று மெலிந்தாலும் பெட்ரோலை அது பழைய மாதிரியே ஊற்றும். புகைக்குக் காரணம் அதுதான். கொடைக்கானலுக்கென்று சின்ன மெயின் ஜெட் போட்டுவிட்டு அதோடு திண்டுக்கல் ரோட்டில் முழு வேகத்தில் போனால் பெட்ரோல் பற்றாமல் பிஸ்டன் சூடேறும், அது புகையைவிடப் பெரிய செலவு. ஐட்லிங்குக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ மிக்சர் திருகை மட்டும் கொடைக்கானலில் வைத்து, சூடான எஞ்சினில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகி, ஆர்பிஎம் அதிகமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றை அடைக்கும் சோக் முழுசாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள், பாதி மூடிய சோக்கும் இதே புகைதான் விடும்.

கேள்வி: எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை மாற்றி ஸ்போர்ட்ஸ் கேம்ஷாஃப்ட் போட்ட வண்டி. ஐட்லிங் குலுக்கல் பழகிவிட்டது. ஆனால் இறக்கத்தில் நியூட்ரலில் வரும்போது பிரேக் பெடல் இறுகிவிடுகிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்கம் கேஜில் ஐட்லிங்கில் 9 அங்குலம் காட்டுகிறது. கம்பெனி புத்தகத்தில் 18 என்று இருக்கிறது. கல்லட்டி வழியாகத்தான் அடிக்கடி போவேன்.
— வாசகர், ஊட்டி

பதில்: புத்தகம் கடல் மட்டத்துக்கு எழுதியது. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் வேக்கம் குறையும், ஊட்டி 7,300 அடிக்கு மேல். இங்கே நல்ல எஞ்சினே 10, 11 தான் காட்டும். மீதியைக் கேம் வாங்கிக்கொண்டது. பெடல் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டருக்கு உதவி அந்த வேக்கத்திலிருந்துதான் கிடைக்கிறது என்பதால் உங்கள் பிரேக் உண்மையிலேயே பலவீனமாக இருக்கிறது. அதோடு அந்த வண்டி ஐட்லிங்கில் ஆஃப் ஆனால், பூஸ்டரில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு மிதிக்கு அப்புறம் முழுப் பலமும் உங்கள் காலில்தான்.

நியூட்ரலை இன்றோடு விடுங்கள். இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், த்ராட்டில் மூடியிருக்கும், இந்தக் கேம்ஷாஃப்ட்டிலும் வேக்கம் தாராளமாக வரும். பிரேக்கும் சூடாகாது. வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: எஞ்சினை அணைத்து பெடலை நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ, அதன் ஹோஸில் இருக்கும் ஒருவழி வால்வோ போயிருக்கிறது. இறங்கினால் ஐட்லிங்கை 1,000-க்கு மேல் கொஞ்சம் ஏற்றி, எலக்ட்ரிக் வேக்கம் பம்ப் ஒன்று வையுங்கள். அது பொருத்தும் வரை கல்லட்டியின் 36 கொண்டை ஊசியில் இந்த வண்டியை இறக்க வேண்டாம். மைசூர் போக வேண்டுமென்றால் கூடலூர் வழியாக, கியரிலேயே போங்கள்.