சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டார் அவன் அப்பா

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சைக்கிளில் பாறைக்குப் பாறை தாவுகிறான். ‘ட்ரையல்ஸ்’ என்று உலகப் போட்டியே இருக்கிறதாம், அதில்தான் தன் வாழ்க்கை என்கிறான். முழங்கால் எல்லாம் ரணம். அவன் அப்பா சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டார். இது பிழைப்புக்கு ஆகுமா, சார்?
- ஒரு தாய், மேலூர்

பதில்: முதலில் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள், அம்மா. பி.டி. வாத்தியாராக இருந்தபோது, படிக்கட்டில் சைக்கிள் ஏற்றிய பையன் ஒருவனின் சைக்கிளை நானும் பிடுங்கி வைத்தேன். அவன் அதற்குப் பிறகு மைதானத்துக்கே வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

உங்கள் மகன் சொல்வது நிஜம். ஸ்பெயினின் கத்தலோனியாவில் மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸிலிருந்து பிறந்த விளையாட்டு இது. 1986 முதல் உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. 20 இஞ்ச், 26 இஞ்ச் என்று சக்கர அளவில் இரண்டு பிரிவு. பாறை, மரக்கட்டை எல்லாம் தாண்ட வேண்டும். வேகம் பெரிதில்லை, கால் தரையில் படக்கூடாது. பின் சக்கரத்தில் நின்று, பிரேக்கை விட்டு, பெடலைக் கால்வாசிச் சுற்று மிதித்து, தாவி இறங்கியதும் பிரேக்கைப் பிடிக்கிறான் பாருங்கள், அது முரட்டுத்தனம் இல்லை. மாதக்கணக்கில் பழகினால்தான் வரும்.

ஆனால் சீட்டைக் கழற்றியது தப்பு. அசல் ட்ரையல்ஸ் சைக்கிளில் ஃப்ரேமே தாழ்வாக, சீட் இல்லாமல் வரும். சாதா சைக்கிளில் சீட்டை எடுத்தால் அந்தக் குழாய் வாய் திறந்து நிற்கும். விழுந்தால் தொடையில் குத்திவிடும். சீட்டை மாட்டி, ஆகக் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டிப் பாறைக்கு மட்டும் போக வேண்டாம். சமணர் படுக்கையும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் உள்ள இடம். 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். டயர் தேயும் இடமா அது? கொல்லையில் பழைய லாரி டயரும் மரப் பலகைகளும் அடுக்கினால் போதும்.

பிழைப்பா? ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டு; பரிசுப் பணத்தை நம்பி பிளஸ் டூவை விடக்கூடாது. ஸ்காட்லாந்தின் டேனி மெக்காஸ்கில், 2009ல் ஒரு வீடியோவால் உலகப் புகழ் பெற்றபோது, சைக்கிள் கடை மெக்கானிக். உங்கள் மகனும் ஸ்பேனர் பிடிக்கட்டும். பிரேக் கட்டையும் வீல் பெண்டும் தானே சரிசெய்யத் தெரிந்தவனுக்கு மதுரையில் வேலை கிடைக்கும்.

அவன் அப்பாவிடம் சொல்லுங்கள்: ஒரு சாயங்காலம், பையன் கால் ஊன்றாமல் எவ்வளவு நேரம் நின்ற இடத்திலேயே நிற்கிறான் என்று பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பார்த்துவிட்டு எனக்கு எழுதட்டும்.