காலக்கெடுவின் விலை

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவில், ஸ்டாக்டன் நகருக்கு அருகே வசிக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வீடு வாங்கும் வசதியில்லாததால் அன்றாடம் மலை தாண்டிக் காரோட்டி வேலைக்குச் செல்கிறேன். பெட்ரோலும் மின்சாரமும் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களைவிட இங்கே விலை அதிகம். உலகின் பசுமைக்குடில் வாயு உமிழ்வில் இந்த மாநிலத்தின் பங்கோ ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். இவ்வளவு செலவில், இவ்வளவு வேகத்தில் காலநிலைச் சட்டங்கள் தேவையா? பொருளாதாரம் சீரடையும்வரை அவற்றை நிறுத்தி வைத்தால் என்ன?

எஸ்

அன்புள்ள எஸ்,

சில காலமாக நானும் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது என்பதால் உடனே எழுதுகிறேன். விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வீடு திரும்பும் ஒருவர் பெட்ரோல் விலையைப் பற்றிக் கேட்கும்போது, பூமியின் எதிர்காலத்தைக் காட்டி அவர் வாயை அடைப்பது அநாகரிகம். கடலோரத்தில் வாழ வசதியற்றவர்களே உள்நாட்டிலிருந்து அதிக தூரம் காரோட்டுகிறார்கள். எரிபொருளின் மீது வைக்கும் எந்தச் சுமையும் முதலில் அவர்கள் தோளில்தான் இறங்குகிறது.

ஆனால் ‘நிறுத்தி வைத்தால் என்ன’ என்பதை ஏதோ உங்களுக்குத் தோன்றிய புதிய யோசனைபோல எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வாழும் மாநிலத்தின் அண்மை வரலாற்றை இவ்வளவுகூடப் படிக்காமல் இருக்கலாமா? 2010 நவம்பரில் இதே யோசனை 23ஆம் முன்மொழிவு என்ற பெயரில் வாக்கெடுப்புக்கு வந்தது. வேலையின்மை தொடர்ந்து நான்கு காலாண்டுகள் 5.5 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்கும்வரை 2006ஆம் ஆண்டின் காலநிலைச் சட்டம் உறங்கட்டும் என்றது அது. அப்போது வேலையின்மை 12 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. முன்மொழிவுக்குப் பெரும்பணம் தந்தவை டெக்சாஸைச் சேர்ந்த எண்ணெய் நிறுவனங்கள். மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். உமிழ்வை 2020க்குள் 1990இன் அளவுக்குக் குறைக்க வேண்டும் என்ற அந்தச் சட்டத்தின் இலக்கு 2016இலேயே எட்டப்பட்டது. 2008இன் பொருளாதார வீழ்ச்சிக்கும் அதில் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரு விழுக்காடு வாதத்துக்கு விரிவாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. உலகத்தை நூறு கூறாக்கினால் ஒவ்வொரு கூறும் ஒரு விழுக்காடுதான். விலையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் கொடுக்கும் கூடுதல் டாலர் முழுவதும் காலநிலைச் சட்டங்களுக்குப் போவதில்லை. மாநில எரிபொருள் வரி இருக்கிறது. நகரப் புகையைக் குறைப்பதற்கென்று தயாராகும் தனிவகைப் பெட்ரோலின் செலவு இருக்கிறது. 2015இல் இதே மாநிலத்தின் டாரன்ஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்ததற்குப் பிறகு, வரியாலும் விதிகளாலும் விளக்க முடியாத ஓர் உபரியும் விலையில் ஒட்டிக்கொண்டது என்று பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியலாளர் செவரின் போரன்ஸ்டைன் தொடர்ந்து எழுதிவருகிறார்.

உங்கள் கடிதம் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே பாசடேனாவில் நான் சந்தித்த முதியவர் ஒருவர், தன் சிறுவயதில் கண்ணெரிச்சலோடு பள்ளிக்குப் போனதையும், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சான் கேப்ரியல் மலைத்தொடர் புகைக்குள் காணாமல் போய்விடுவதையும் சொன்னார். அதே ஊரின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில்தான் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் அந்தப் புகைக்குக் கார்களும் எண்ணெய் ஆலைகளும் காரணம் என்று கண்டறிந்தார். எண்ணெய்த் தொழில்துறை மறுத்தது. 1967இல் உருவான, காற்று மாசைக் கட்டுப்படுத்தும் மாநிலக் காற்றுவள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார்.

அந்த வாரியத்தின் கதையில்தான் வேகத்தைப் பற்றிய உண்மையான பாடம் இருக்கிறது. பெரிய கார் நிறுவனங்கள் விற்கும் புதிய கார்களில் 1998இல் 2 விழுக்காடும் 2003இல் 10 விழுக்காடும் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்று 1990இல் வாரியம் விதித்தது. மின்கலம் தயாராகவில்லை, செலவு தாங்காது என்று நிறுவனங்கள் முறையிட்டன. 1996இல் வாரியம் இறங்கிவந்து 2003க்கு முந்தைய இலக்குகளைக் கைவிட்டது. 2003இல் மீண்டும் தளர்த்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் தான் குத்தகைக்கு விட்டிருந்த மின்கார்களைத் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நசுக்கிப்போட்டது. ஒவ்வொரு தளர்வுக்கும் சொல்லப்பட்ட காரணம் அந்தந்த நேரத்தில் நியாயமாகவே ஒலித்தது. ஆனால் அவை எல்லாம் சேர்ந்து தொழில்துறைக்குக் கற்பித்தது ஒன்றைத்தான்: விதியை நம்பி முதலீடு செய்தவன் ஏமாளி, வழக்கறிஞருக்குச் செலவிட்டவன் சமர்த்தன். மெதுவான காலக்கெடுவைத் தாங்கலாம், கடுமையான காலக்கெடுவையும் தாங்கலாம். எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போகும் என்று எல்லோருக்கும் தெரிந்த காலக்கெடுவை நம்பி எந்தத் தொழிற்சாலையாலும் திட்டமிட முடியாது. 2035க்குள் புதிய கார்கள் அனைத்தும் புகையற்றவையாக வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு விதிக்கும் இப்போது அதே கதிதான். 2025 ஜூனில் அமெரிக்கக் கூட்டரசு அதற்கான அனுமதியை ரத்து செய்தது, மாநிலம் அன்றே நீதிமன்றம் சென்றது. இந்த இழுபறியின் செலவை எந்த ரசீதிலும் நீங்கள் பார்க்க முடியாது என்பதால் அது இல்லை என்று நினைக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. உமிழ்வு உரிமங்களை, அதாவது நிறுவனங்கள் வாயுக்களை வெளியிடுவதற்கான அனுமதிகளை, மாநிலம் ஏலம்விட்டு வரும் பணத்தில் செய்யும் முதலீட்டில் குறைந்தது 35 விழுக்காடு நலிந்த பகுதிகளுக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் போக வேண்டும் என்று 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. பழைய காரைக் கொடுத்துவிட்டு மின்கார் வாங்க, வருமானம் குறைந்தவர்களுக்கு மானியம் தரும் திட்டமும் இருக்கிறது. சட்டங்களை நிறுத்தச் சொல்லாமல், உங்களைப்போல் மலை தாண்டி ஓட்டுபவர்களுக்கு அந்தப் பணத்தில் கூடுதல் பங்கு கேட்டு நீங்கள் எழுதியிருந்தால், கீழே என் கையெழுத்தையும் போட்டு அனுப்பியிருப்பேன்.