'ஒன்றும் சொல்லவில்லை' என்றால் சம்மதமா?

கேள்வி: எனக்கு வயது 31, கோத்தகிரி பக்கம். சில வருடங்களாகக் கல்யாணம், காதுகுத்து, சீர் என்று படம் எடுத்துவருகிறேன். கையில் இருப்பது கேனான் 6டி கேமரா, 24-105 எஃப் 4, 50 எஃப் 1.8 என்று இரண்டு லென்ஸ். மண்டபத்துக்குள் எடுத்தால் புள்ளி புள்ளியாக வருகிறது. ஃபோகஸ் முகத்தில் நிற்பதில்லை. 50 லென்ஸில் அது இன்னும் மோசம் என்பதால் அதைத் தொடுவதையே விட்டுவிட்டேன். பனிமூட்டத்தில் எடுத்தால் எல்லாம் சாம்பலடித்த மாதிரி இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் மிரர்லெஸ் என்ற, உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை கேமராவுக்குப் போய்விட்டார்கள். கோவையில் ஒரு கடையில் கேனானின் ஆர்6 மார்க் 2 பாடியை (லென்ஸ் இல்லாமல் கேமரா மட்டும்) மாதம் 8,000 வீதம் 24 தவணைக்குத் தருகிறார்கள். பைக் லோனில் இரண்டு தவணை விட்டதால் என் பேரில் கடன் வரவில்லை. தங்கை பேரில் போடலாம் என்றார்கள். அவள் குன்னூரில் வேலை பார்க்கிறாள், சம்பளம் 19,000. கேட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. ஆதார், பான் நகலைக் கொடுத்துவிட்டாள். ஆர்6 மார்க் 2 வாங்கலாமா, ஆர்8 போதுமா?

பதில்: தம்பி, எந்த கேமரா என்ற கேள்வியைப் பிறகு பார்க்கலாம். 'கேட்டேன், ஒன்றும் சொல்லவில்லை' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரியில் மாடல் நம்பருக்குத் தாவிவிட்டீர்கள். நான் அங்கேயே நிற்கிறேன்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. ஒருவருக்கு கேமரா, இன்னொருவருக்கு டிரோன், வேறொருவருக்கு கார். பொருள்தான் மாறுகிறது. கையெழுத்துப் போடுவது மட்டும் எப்போதும் அந்த வீட்டுப் பெண். அண்ணன் வந்து கேட்டால் தங்கை என்ன சொல்வாள்? 'பைக்குக்கே ரெண்டு தவணை விட்டீங்களே அண்ணா, இதை எப்படிக் கட்டுவீங்க?' என்று அவள் மனதுக்குள் கேட்டிருப்பாள். வாய்விட்டுக் கேட்டால் வீட்டில் சண்டை. அதனால் பேசாமல் நகலை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உங்களுக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் சம்பளம் 19,000. அதில் 8,000 என்றால் நூற்றுக்கு நாற்பத்திரண்டு. நீங்கள் ஒரு மாதம் கட்டாவிட்டால் அவள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்ப்பார்கள். பணம் இல்லையென்றால் கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், அவளுடைய வங்கி ஒரு அபராதம் என்று இரண்டு பக்கமும் பிடிப்பார்கள். சிபில் (கடனை ஒருவர் எப்படிக் கட்டினார் என்ற பதிவு) அறிக்கையில் மூன்று வருடத்துக்கான தவணை வரலாறு மாதவாரியாக நிற்கும். நாளைக்கு அவளுக்கே ஒரு வீட்டுக் கடனோ படிப்புக் கடனோ வேண்டுமென்றால், வங்கி மேலாளர் அண்ணனின் முகூர்த்த ராசியைப் பற்றி விசாரிக்க மாட்டார். அவள் பேரில் விழுந்த கறையைத்தான் பார்ப்பார். கல்யாணமாகிப் போகிற வீட்டுக்கு உங்கள் கேமராக் கடனையும் சீராக அனுப்பப் போகிறீர்களா?

நம் பக்கத்துக் கல்யாணங்களில் அண்ணன் தங்கை கையில் பொரி போடும் இடத்தை நீங்கள் குளோசப்பில் எடுக்காமல் விட்டிருக்க மாட்டீர்கள். அந்தப் பொரிக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் கொடுக்கிற இடத்தில் இருப்பவன். வாங்குகிற இடத்துக்கு வர நேர்ந்தால், அவள் மனம் திறந்து சரி என்று சொல்ல வேண்டும், வீட்டில் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்பா அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவர்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

வருமானக் கணக்கும் ஒத்துவரவில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. 24 தவணையில் ஆறு மாதம் கல்யாண வரவு இல்லாமலே போகும். அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் 48,000. அதற்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் பக்கம்தான் கொட்டும். மலைப்பாதையில் மண் சரிந்தால் தேதி தள்ளிப்போகும், பாக்கிப் பணமும் தள்ளிப்போகும். தவணை தள்ளிப்போகாது.

சரி, இப்போது படம் ஏன் அப்படி வருகிறது என்று பார்ப்போம். நீங்கள் சொன்ன மூன்று குறையில் ஒன்றில்தான் பாடிக்கு உண்மையான பங்கு இருக்கிறது.

புள்ளி: 6டி 2012-இல் வந்த கேமரா என்றாலும் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400 வரை இன்றும் தைரியமாகப் போகலாம். நீங்கள் ஐ.எஸ்.ஓ.வுக்குப் பயந்து 800-இலோ 1600-இலோ இருட்டாக எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த சென்சாரில் அதுதான் வினை. 800-இல் எடுத்து மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) தூக்கினால் நிழல்களில் வண்ணப் புள்ளியும் கோடும் கிளம்பும். அதே வெளிச்சத்தில் 6400 வைத்து நேராகச் சரியாக எடுத்தால் அவ்வளவு வராது. ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) எடுங்கள், முகம் வெளிச்சமாக விழும்படி எடுங்கள், பிறகு வேண்டுமானால் குறையுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் எஃப் 4. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடும். மண்டபத்துக்குள் 24-105-ஐ மட்டுமே நம்புகிறீர்கள். எஃப் 4-க்கும் எஃப் 1.8-க்கும் நடுவே வெளிச்சம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, அதாவது இரண்டே கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். பாடியை மாற்றினால் கூடிப்போனால் ஒரு ஸ்டாப் கிடைக்கும். ஆக, ஐந்து மடங்கு வெளிச்சம் தரும் லென்ஸைப் பையில் போட்டுப் பூட்டிவிட்டு, இரண்டு மடங்குக்கு லட்சக்கணக்கில் கடன் கேட்கிறீர்கள்.

அந்த 50 ஏன் ஃபோகஸ் தவறுகிறது என்று ஒரு மணி நேரம் செலவழித்துப் பாருங்கள். டிரைபாடில் கேமராவை நிறுத்துங்கள். இரண்டரை மீட்டர் தள்ளி ஒரு பெட்டியை நிறுத்தி, பக்கத்திலேயே ஒரு செய்தித்தாளை 45 டிகிரி சாய்வாக ஒட்டுங்கள். பெட்டியின் முகப்பும் தாளின் நடுவரியும் ஒரே தூரத்தில் இருக்கட்டும். எஃப் 1.8, நடுப் புள்ளி மட்டும், இரண்டு வினாடி டைமர். பெட்டி மேல் ஃபோகஸ் செய்து ஐந்தாறு படம், ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு. தாளில் எழுத்து தொடர்ந்து நடுவரிக்கு முன்னாலோ பின்னாலோ தெளிவாக இருந்தால், கஸ்டம் ஃபங்ஷன் மெனுவில் ஏ.எஃப். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்று இருக்கும்; இருபது படி முன்னும் இருபது படி பின்னும் நகர்த்தலாம். கேமரா அந்த லென்ஸுக்கென்று தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். 24-105-க்கு அகலமான முனைக்கு ஒரு அளவு, நீளமான முனைக்கு ஒரு அளவு என்று இரண்டு போட வேண்டும். படத்துக்குப் படம் முன்னும் பின்னுமாக மாறினால் அது லென்ஸ் மோட்டார் கோளாறாக இருக்கலாம், மெனுவில் தீராது.

இன்னொன்று, 6டி-யின் பதினோரு ஃபோகஸ் புள்ளியில் நடுப் புள்ளி ஒன்றுதான் குறுக்கு வகை, அதாவது நெடுக்கும் குறுக்கும் இரண்டு திசையிலும் பார்ப்பது. மங்கிய வெளிச்சத்தில் நம்பக்கூடியது அது மட்டும்தான். அதில் பூட்டிவிட்டு கேமராவைத் திருப்பினால் தூரம் மாறும். ஒன்றரை மீட்டரில் 50 லென்ஸை முழுக்கத் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ. தாலி கட்டும்போது நீங்களும் அரையடி சாய்வீர்கள், மாப்பிள்ளையும் சாய்வார். எஃப் 2.5 வைத்து, முகத்தை நடுவில் விட்டு எடுத்து, ஓரத்தைப் பிறகு வெட்டுங்கள். 20 மெகாபிக்சலில் ஆல்பத்துக்குத் தாராளம்.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் என்பது ஆர்6 மார்க் 2-வின் நிஜமான பலம், மறுக்கவில்லை. மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் தொல்லையும் மிரர்லெஸ்ஸில் கிடையாது.

சாம்பல்: இதற்கு இரண்டு காரணம். பனிமூட்டமும் வெள்ளைத் துணியும் சேர்ந்தால் கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் ஏமாறும். எல்லாவற்றையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். நீலகிரிப் படகர் வீட்டு விசேஷம், அவர்களுடைய ஹெத்தையம்மன் பண்டிகை மாதிரி ஊரே வெள்ளையில் நிற்கும் இடத்தில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டியே வையுங்கள். ஹைலைட் சிமிட்டல் (அளவுக்கு மேல் வெளுத்த இடம் திரையில் சிமிட்டுவது) துணியில் பரவலாக வந்தால் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் குறையுங்கள். தள்ளி நின்று 105-இல் இழுக்காமல் கிட்டே போங்கள். நடுவில் இருக்கும் மூட்டம் குறைந்தாலே முகம் தெளியும். ஃபிளாஷை கேமரா தலையில் வைத்து நேராக அடித்தால் நீர்த்துளிதான் வெளிச்சமாகும், மணப்பெண் அல்ல.

இரண்டாவது காரணம் லென்ஸுக்குள் ஃபங்கஸாக, அதாவது பூஞ்சையாக இருக்கலாம். லென்ஸை எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கோத்தகிரி ஈரத்தில், பையோடு அலமாரிக்குள் என்றால் வராமல் இருந்தால்தான் அதிசயம். லென்ஸைக் கழற்றி இரு மூடியையும் எடுங்கள். கேனான் ஈ.எஃப். லென்ஸ் கழற்றிய நிலையில் துவாரம் முழுக்கத் திறந்தே இருக்கும், அது நமக்கு வசதி. இருட்டறையில் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். சிலந்திவலை மாதிரி நூல் கிளைத்திருந்தால் ஃபங்கஸ். ஒரே மங்கலாகப் படலம் தெரிந்தால் ஈரப் படலம். இரண்டும் எதிர்வெளிச்சத்தில் படத்தைச் சாம்பலடிக்கும். அந்த லென்ஸையே அடாப்டர் (பழைய லென்ஸைப் புதிய பாடியில் பொருத்தும் வளையம்) போட்டு ஆர்6 மார்க் 2-வில் மாட்டினாலும் அதே சாம்பல்தான். நீங்கள் சொன்ன விலையில் பாடி மட்டும்தானே வருகிறது? தொடக்கம் என்றால் கோவையில் சர்வீஸ் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டிருந்தால் சுத்தம் செய்தும் தழும்பு நிற்கும்.

பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், அரைக் கிலோ சிலிக்கா ஜெல். முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். பழைய வாணலியில் சிறுதீயில் நீலம் திரும்பும்வரை வறுத்து, ஆறியபின் போடுங்கள். அந்த வாணலியை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். அந்துருண்டை வேண்டாம். மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்கு இறங்கும்போது, மலையின் குளிரிலேயே கேமராவை ஜிப் கவரில் காற்றை அழுத்தி மூடி, கீழே போய் அரைமணிக்கு மேல் கழித்துத் திறங்கள். உடனே திறந்தால் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் வியர்க்கும்.

இனி உங்கள் கேள்வி. ஆர்8 வேண்டாம். சென்சார் அதே 24 மெகாபிக்சல்தான், ஆனால் ஒரே கார்டு, சின்ன பேட்டரி, பாடிக்குள் ஆட்டம் தாங்கும் வசதி கிடையாது. உங்கள் 6டி பேட்டரி ஆர்6 மார்க் 2-வில் நுழையும், ஆர்8-இல் நுழையாது. கல்யாணம் எடுப்பவருக்கு பாடி மாற்ற நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது இரண்டு கார்டுதான், ஒரே படம் இரண்டிலும் பதிவாகும். 6டி-யில் ஒரே கார்டு. முகூர்த்தம் நடுவில் அது செத்தால் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? இது ஒன்றையாவது கடிதத்தில் எழுதியிருப்பீர்கள் என்று பார்த்தேன். நண்பர்கள் மாறிவிட்டார்கள் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மாற்றும்வரை 32 ஜி.பி. கார்டுகளாக வைத்து, நலங்குக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று என்று பிரியுங்கள். இரண்டு இடத்தில் நகல் ஆகும்வரை எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள்.

வாங்கும் நாள் வந்தால் பில் உங்கள் பேரில், பாதிப் பணம் ரொக்கமாக. அதற்கு முதலில் பைக்கின் இரண்டு தவணையைக் கட்டி, ஒரு வருடம் தவறாமல் கட்டிக் காட்டுங்கள். பாடி விலையோடு அடாப்டர், இரண்டு வேகமான கார்டு, கூடுதல் பேட்டரி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கண் வைத்துப் பார்க்கும் திரையே மின்சாரம் குடிக்கும்; 6டி ஒரு சார்ஜில் ஆயிரம் படம் போனது என்றால் இதில் பாதியைக்கூட எதிர்பார்க்காதீர்கள், ஊட்டிக் குளிரில் இன்னும் குறையும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்து எல்.இ.டி. வெளிச்சத்தில் போட்டால் பட்டை பட்டையாக விழும். பழைய கம்ப்யூட்டரில் பழைய மென்பொருள் என்றால் புதிய ரா ஃபைல் திறக்காது. பெரிய ஆர்டர் வந்தால் கோவையில் ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். வாடகையை அந்த ஆர்டரே கொடுக்கும். பழைய ஆர்6 ஒன்று நல்ல நிலையில் கிடைத்தாலும் போதும், அதிலும் இரண்டு கார்டு உண்டு. வாங்குமுன் எஃப் 16 வைத்து வெறும் வானத்தை எடுத்து சென்சாரில் கறை பாருங்கள், இரண்டு கார்டு வாயிலும் எழுதுகிறதா பாருங்கள், பில்லில் உள்ள சீரியல் நம்பரைப் பாடியோடு ஒப்பிடுங்கள்.

அதெல்லாம் பிறகு. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கடைக்குப் போன் செய்து, தங்கை பேரில் விண்ணப்பம் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். போட்டிருந்தால் ரத்து செய்யச் சொல்லி, ரத்தானதை மெசேஜாக வாங்குங்கள். அவள் போனுக்கு ஓ.டி.பி. வந்தால் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள். கொடுத்த நகல்களைத் திரும்ப வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறை சிபில் அறிக்கை இலவசம். ஒரு மாதம் கழித்து அவளோடு உட்கார்ந்து, அவள் பேரில் எந்தக் கடனும் நிற்கவில்லை என்று பார்த்துவிடுங்கள். அப்பா அம்மாவுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.