கேள்வி – பதில்: கோட்டில் நின்ற பந்து

கேள்வி: கவோரு மிட்டோமா என்ற ஜப்பானியக் கால்பந்து வீரரின் பெயரை 2022 உலகக் கோப்பைக்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது இணையத்தில் எங்கு பார்த்தாலும் அவர்தான். டிரிப்ளிங்கில், அதாவது பந்தைக் காலால் தட்டிக்கொண்டே எதிராளியைக் கடக்கும் கலையில், முனைவர் பட்டம் வாங்கியவர் என்றும் சொல்கிறார்கள். இந்தப் புகழுக்கு அவர் தகுதியானவரா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: முனைவர் பட்டம் இணையம் வழங்கியது. கவாசாகி ஃபிரண்டாலே கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்த மிட்டோமா, தொழில்முறை ஒப்பந்தம் தேடி வந்தபோது அதை ஏற்காமல் சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே இளநிலைப் படிப்பின் முடிவில் எழுதிய ஆய்வேட்டின் பொருள்தான் டிரிப்ளிங். சக மாணவர்களின் தலையில் சிறு கேமராவைப் பொருத்தி, பந்து வரும்போது அவர்களுடைய பார்வை எங்கே போகிறது என்று ஆராய்ந்தார். திறமையானவர்கள் காலடியில் கிடக்கும் பந்தைக் குனிந்து பார்ப்பதில்லை என்பதும், எதிராளியின் உடலை ஒரு பக்கம் சாயவைத்துவிட்டால் அவரைத் தாண்டுவது எளிது என்பதும் அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை.

2021 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் அணி அவரை வாங்கி, பெல்ஜியத்தின் யூனியன் சான் ஜிலுவா அணிக்கு ஓராண்டு கடனாக அனுப்பியபோது, ஜப்பானுக்கு வெளியே அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே. 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக, எல்லைக் கோட்டில் நின்ற பந்தை அவர் மீட்டபோது எடுத்துப் பரவிய படத்தைப் பகிர்ந்தவர்களில் பலர் அவருடைய ஆட்டத்தை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதே என் எண்ணம். ஆனால் 2023 ஜனவரி 29 அன்று, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் லிவர்பூலுக்கு எதிராக, 90 நிமிடம் முடிந்த பின் சேர்க்கப்பட்ட ஈட்டு நேரத்தில், அடிப்பதுபோல் போக்குக் காட்டித் தடுப்பாளரைக் கடந்து அவர் அடித்த வெற்றி கோலைப் பார்த்த பிறகு, தகுதியைப் பற்றிய ஐயம் எனக்கு இல்லை.

கேள்வி: உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிரான அந்த ஆட்டத்தில், மிட்டோமா மீட்பதற்குள் பந்து ஆடுகளத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டியதை நான் தொலைக்காட்சியில் என் கண்ணால் பார்த்தேன். பிறகு எப்படி கோல் கொடுத்தார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கண்ணில் குறையில்லை, கேமரா நின்ற இடத்தில்தான் குறை. முழுப் பந்தும் கோட்டைக் கடந்தால்தான் அது வெளியே போனதாகும் என்பது விதி. வீட்டு முற்றத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்கு வெளியே ஓரிரு விரற்கடை தள்ளிப் பந்தை வையுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கோட்டுக்கும் பந்துக்கும் இடையே தரை தெரியும், நேர் மேலிருந்து பார்த்தாலோ பந்தின் வயிறு கோட்டை மறைக்கும். கால்பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் என்பதால் தரையைத் தொடும் புள்ளியை மட்டும் பார்ப்பவர் ஏமாறத்தான் செய்வார். 2022 டிசம்பர் 1 அன்று தோஹாவில், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் அரங்கின் உச்சியிலிருந்து எடுத்த படம் இதைத்தான் காட்டியது. கோட்டின் மேல் எஞ்சியிருந்தது 1.88 மில்லிமீட்டர் என்று செய்திகள் கூறின. ஜப்பானியர் அதை ‘மிட்டோமாவின் 1 மில்லி’ என்று செல்லமாகச் சுருக்கிக்கொண்டார்கள். அந்த கோல் மறுக்கப்பட்டிருந்து ஆட்டம் 1-1 என முடிந்திருந்தால், ஜெர்மனி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும், ஜப்பான் ஊர் திரும்பியிருக்கும்.

மிட்டோமா மீட்டுக் கொடுத்த பந்தை வலைக்குள் தள்ளியவர் ஆவோ தனாகா. இருவரும் கவாசாகி நகரில் ஒரே தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள். கோல் அடித்த தனாகாவைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வாசகர்கூடக் கேள்வி அனுப்பவில்லை.