இருபது வருஷம் விளையாடிய கை ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 39. மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இருபது வருஷமாக பிளேஸ்டேஷனில் பந்து விளையாட்டு ஆடுகிறவன். கண்ட்ரோலரைப் பார்க்காமலே அழுத்துவேன். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் வாங்கினோம். அதைக் கையில் எடுத்தால் ஒன்றுமே ஓடவில்லை. ‘சரி’ என்று அழுத்தினால் திரை பின்னால் போகிறது. ஒன்பது வயது மகனிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். விடக்கூடாது என்று தினமும் இரவில் இரண்டு மணி நேரம் பழகினேன். மூன்று வாரமாக இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் வலி. ஹெல்மெட் பட்டையைக் கழற்றும்போது சுள்ளென்று இழுக்கிறது. என் அப்பாவுக்கு 60 வயதுக்கு மேல் பார்கின்சன் நோய் வந்தது. எனக்கும் அதன் தொடக்கமா? விளையாடுவதை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: வலியைப் பற்றி அப்புறம் பேசுவோம். அப்பாவின் நோய் உங்களுக்கும் வந்துவிட்டதோ என்ற பயம்தான் உங்களை எழுத வைத்திருக்கிறது. அதற்கு ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். இன்றைக்கு உங்கள் பழைய பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரை எடுத்து ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். வலித்தால் உடனே வைத்துவிடுங்கள். கை பழையபடி ஓடுகிறதா? ஓடினால், இந்தத் தடுமாற்றம் நோயால் வந்ததல்ல. நோய்க்கு எந்தக் கண்ட்ரோலர் என்று பார்க்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் போடுவதிலும் கையெழுத்திலும்கூட அது தெரியும்.

பார்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கும். எழுத்து போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும். நடக்கும்போது ஒரு கை வீசாது. எல்லா வேலையும் மெதுவாகும். இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஆபத்து கொஞ்சம் கூடும் என்பது உண்மை, ஆனால் பெரும்பாலான பார்கின்சன் பரம்பரையாக வருவதில்லை. மேலே சொன்ன அறிகுறி ஏதாவது இருந்தால் மட்டும் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஒரு கை திடீரென்று பலமிழந்தாலோ வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ யோசிக்கவே வேண்டாம், 999-ஐ அழையுங்கள்.

சரி, தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது? பினாங்கில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். மைவி என்ற மலேசியக் காரில் சிக்னல் தண்டு வலப்பக்கம். ஐரோப்பிய காரில் இடப்பக்கம். பல வருஷம் மைவி ஓட்டிவிட்டு நண்பரின் ஐரோப்பிய காரில் உட்கார்ந்தால், சந்து திரும்பும்போது வெயிலில் வைப்பர் ஆடும். அன்றைக்குத்தான் லைசென்ஸ் எடுத்த பிள்ளைக்கு இவ்வளவு தடுமாற்றம் வராது. அந்தக் கைக்கு மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. உங்கள் மகன் உங்களைத் தோற்கடிப்பதும் இப்படித்தான். அவன் வெறும் கையோடு வந்தான். உங்கள் கை இருபது வருஷப் பாடத்தோடு வந்திருக்கிறது.

அந்தப் பாடம் எப்படி இடிக்கிறது என்று பாருங்கள். பிளேஸ்டேஷனில் நீங்கள் ‘சரி’ என்று அழுத்துவது கீழே இருக்கும் பெருக்கல் குறி பட்டன். நிண்டெண்டோவில் அதே கீழிடத்தில் இருப்பது ‘பி’. அது பின்னால் போகச் சொல்லும் பட்டன். ‘சரி’ சொல்லும் ‘ஏ’ வலப்பக்கம் இருக்கிறது. இது புது இடம் மட்டும் என்றால் பரவாயில்லை. பழைய இடத்திலேயே நேர்எதிர் அர்த்தம் உட்கார்ந்திருக்கிறது. மூளைக்கு இதைவிடக் கஷ்டமான பாடம் கொடுக்க முடியாது. ஜப்பானில் பிளேஸ்டேஷன் ஆடியவர்களுக்கும் இந்தச் சோதனை வந்தது. அங்கே அதுவரை வட்டம்தான் ‘சரி’, பெருக்கல் குறி ‘இல்லை’. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அங்கேயும் பெருக்கல் குறியை ‘சரி’ ஆக்கினார்கள். கால் நூற்றாண்டு வட்டத்தை அழுத்திப் பழகியவர்கள் ஒரே நாளில் மாற வேண்டியிருந்தது.

கைப்பழக்கம் மூளையில் மற்ற நினைவுகளிலிருந்து தனியாகச் சேருகிறது. சிறுமூளைக்கும் மூளையின் ஆழத்தில் இருக்கும் சில கணுக்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அதை முதல்முறை செய்வதாகவே அவர் நினைத்தார். ஆனால் கோடு மட்டும் நாளுக்கு நாள் திருத்தமாக வந்தது. மனசுக்குத் தெரியாததைக் கை தெரிந்துவைத்திருந்தது. ‘ஏ வலப்பக்கம்’ என்று உங்கள் மனசுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. கைக்குத் தெரிய நாளாகும்.

இப்போது வலிக்கு வருவோம். தடுமாற்றமும் வலியும் இரண்டு நோய் என்று நினைக்கிறீர்கள். என் கணிப்பில் முதலாவதுதான் இரண்டாவதைக் கொண்டுவந்தது. பழகாத கருவியைப் பிடிக்கும்போது கை தேவைக்கு மேல் இறுக்கும். முன்னே இழுக்கும் தசையும் பின்னே இழுக்கும் தசையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். சைக்கிள் பழகும் பிள்ளை ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பிடியை நினைத்துப் பாருங்கள். பழகப்பழக அந்த இறுக்கம் தானாகத் தளரும். நீங்கள் அது தளர்வதற்கு முன்பே தினமும் இரண்டு மணி நேரம் கையை ஓட்டியிருக்கிறீர்கள்.

வலி இடது கையில் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பிளேஸ்டேஷனில் கட்டைவிரலால் தள்ளும் இடது ஸ்டிக் கீழே உட்புறமாக இருக்கும். ஸ்விட்ச்சில் அது மேலே ஏறிவிட்டது, கட்டைவிரல் வேறு கோணத்தில் விரிந்து நிற்க வேண்டும். ஸ்விட்ச்சின் கண்ட்ரோலர் இரண்டு பாதியாகப் பிரியும். நீங்களும் மகனும் ஆளுக்கு ஒரு பாதியைப் பக்கவாட்டில் பிடித்து ஆடுகிறீர்களா? 2017-இல் வந்த ஸ்விட்ச்சின் பாதி சுமார் 10 சென்டிமீட்டர் நீளம்தான். ஒன்பது வயதுக் கைக்கு அது அளவு. உங்கள் கட்டைவிரலோ மடங்கி, மணிக்கட்டு வளைந்து, கிள்ளிப் பிடித்த மாதிரி நிற்கும்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு தசைநாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து நாண்களை நெருக்கினால் நீங்கள் சொன்ன சுளீர் வலிதான் வரும். 1895-இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வைன் பெயரில் இந்த நோயை அழைக்கிறோம். கைக்குழந்தையைத் தூக்கித்தூக்கி இளம் தாய்மார்களுக்கு அதிகம் வரும். கேம் ஆடி விரல் நோகிறவர்களும் எங்களுக்குப் புதியவர்கள் இல்லை. 1990-லேயே நிண்டெண்டோவால் கட்டைவிரல் வலி வந்த ஒரு பெண்ணைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழில் கடிதம் வந்தது. 2007-இல் அதே இதழில், கையை வீசி ஆடும் நிண்டெண்டோ வீ (Wii) கண்ட்ரோலரால் ஒரு மருத்துவருக்கே தோள் தசைநாண் வீங்கிய கதை வந்தது. புது வகைக் கண்ட்ரோலர் வரும்போதெல்லாம் வலியும் புது இடத்துக்குப் போகிறது.

கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். லேசான இழுப்பு எல்லோருக்கும் இருக்கும். வலது கையிலும் செய்து ஒப்பிடுங்கள். இடது கையில் மட்டும் கூர்மையாக வலித்தால் பெரும்பாலும் இதுதான். வலிக்குப் பதிலாகக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அது வேறு, அதில் நரம்பு நெருக்கப்படுகிறது. அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

மூன்று வாரம் அந்தக் கைக்கு ஓய்வு கொடுங்கள். கேம் மட்டும் இல்லை, இடது கையில் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருப்பதும் வேண்டாம். மருந்தகத்தில் மணிக்கட்டைச் சுற்றும் எலாஸ்டிக் பட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். அது போதாது. கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டை என்று கேட்டு வாங்குங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைக்கலாம். வலி மாத்திரை தேவைப்பட்டால், அல்சர், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று மருந்தாளரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். தைலம் தடவுவதில் தப்பில்லை, ஆனால் அழுத்தி நீவிவிட வேண்டாம். வீங்கிய உறையை நீவினால் வீக்கம் கூடும். நீவி நீவியே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று, சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நம் இந்தியச் சமூகத்தில் அதற்கும் மேல். நீரிழிவு இருப்பவர்களுக்குத் தசைநாண் உறை தடிப்பது அதிகம். ஓய்வில் குணமாகாவிட்டால் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சில நாள் சர்க்கரையை ஏற்றும். அந்த ஊசி பலருக்கு நன்றாகக் கேட்கிறது. அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் குறைவு. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கிவிடலாம்.

வலி அடங்கிய பிறகு தாராளமாக விளையாடுங்கள். இரவில் இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாகப் பகலில் இருபது நிமிஷம், தினமும். கைப்பழக்கம் தூக்கத்தில்தான் உறைகிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து பாலம் தாண்டி வந்த காலையில் ஆடாதீர்கள், தூங்கி எழுந்து ஆடுங்கள். இரண்டு பாதியையும் பிடிச்சட்டத்தில் பொருத்தி முழுக் கண்ட்ரோலராகப் பிடியுங்கள், கையை மடியில் ஒரு தலையணை மேல் வையுங்கள். நடுவில் ஒரு தடவை ஆள்காட்டி விரல் நகத்தைப் பாருங்கள். நகத்தடி வெளுத்திருந்தால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். பிடியை விட்டு, கையை உதறிவிட்டுத் தொடருங்கள்.

பட்டன்களை மாற்றி அமைக்கும் வசதி ஸ்விட்ச்சிலேயே இருக்கிறது. நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். நீங்கள் மாற்றினாலும் திரையில் வரும் எழுத்து மாறாது, மகனுக்கும் குழப்பம். பழைய கண்ட்ரோலரையும் மூட்டை கட்ட வேண்டாம். நம் ஊர்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரிடம் தமிழ், அடுத்தவரிடம் ஹொக்கியன், அதற்கடுத்தவரிடம் மலாய் பேசுகிறார். முகத்தைப் பார்த்ததும் நாக்கு மாறுகிறது. எடை, பிடி, ஸ்டிக்கின் இடம் இவற்றை உணர்ந்ததும் உங்கள் கையும் அப்படி மாறிக்கொள்ளும்.

மூன்று வாரத்தில் வலி குறையாவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். போகும்போது அந்தக் கண்ட்ரோலரையும் பையில் எடுத்துச் சென்று, எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று டாக்டருக்கு முன்னால் பிடித்துக் காட்டுங்கள்.